கப்பல் பாரும் பித்தளைத் தொப்பியும்

திருவொற்றியூரில் எங்கள் குப்பத்துக்குக் கிழக்கே, கடலடியில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடந்தது. எப்போது மூழ்கியது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். கடலடியில் கல் திட்டாக இருந்து மீன் கூடும் இடத்தைப் பார் என்போம். இந்தக் கப்பலும் நாளாவட்டத்தில் அப்படி ஆகிவிட்டதால் அதற்குக் கப்பல் பார் என்று பெயர். சங்கராவும் கலவாவும் அங்கே எப்போதும் இருக்கும். மற்ற இடங்களில் வெறும் வலை வருகிற மாதங்களிலும் குப்பத்தில் அடுப்பு எரிந்தது அந்த இரும்பின் புண்ணியத்தால்தான்.

அதே இரும்பில் வலையும் மாட்டும். மாட்டினால் என்னைக் கூப்பிடுவார்கள். மூச்சடக்குவதில் அப்போது என்னை மிஞ்ச ஆள் இல்லை. அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு. இடுப்பில் கயிறு, கையில் ஒரு கல். கட்டுமரத்தில் என் மச்சினன் கயிற்றைப் பிடித்திருப்பான். கல்லோடு இறங்கி, தடவித் தடவி வலையை விடுவித்துவிட்டு ஏறுவேன். கடலுக்குள் வெறும் கண்ணைத் திறந்தால் கஞ்சிக்குள் பார்ப்பது போலத்தான் இருக்கும். ஆகையால் கண்ணை மூடியே வேலை செய்வேன். கைப்பிடிக் கம்பி, அதை அடுத்து ஏணி, ஏணிக்குக் கீழே உடைந்த ஒரு கதவு, எல்லாம் என் விரலுக்குத் தெரியும். கரைக்கு வந்து நான் சொல்லும் கப்பலுக்கு மூன்று மாடியும் ஒரு பெரிய மணியும் இருந்தன. மணி நானே சேர்த்தது. யார் இறங்கிப் பார்க்கப்போகிறார்கள்?

யுத்தம் முடிந்து சில வருஷங்களில் பழைய இரும்புக்கு நல்ல கிராக்கி வந்தது. ராயபுரத்திலிருந்து ஒரு இரும்பு வியாபாரி படகோடு வந்தார். அவரைப் பாய் என்று கூப்பிட்டோம். மூழ்கிய கப்பலை உடைத்து எடுக்க அனுமதி வாங்கியிருந்தார். இடம்தான் அவருக்குத் தெரியாது. படகில் கையால் சுற்றும் காற்று பம்பு, ரப்பர் பூசிய கனத்த உடுப்பு, ஈயம் வைத்த பூட்ஸ், முகத்துக்கு நேரே கண்ணாடி பதித்த பெரிய பித்தளைத் தொப்பி எல்லாம் இருந்தன. அவருடைய ஆள் அதை மாட்டிக்கொண்டு பல நாள் இறங்கினான். சேற்றைத் தவிர எதுவும் அகப்படவில்லை.

யாரும் வாய் திறக்கக் கூடாது என்று குப்பத்தில் பேசி முடிவு செய்தார்கள். கப்பல் போனால் மீனும் போகும். நானும் தலையாட்டினேன்.

பாய் என்னைத்தான் பிடித்தார். என் பெருமையை யாரோ அவரிடம் ஊதியிருந்தார்கள். மணலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி நீட்டினார்.

"கப்பல தொட்டவன் நீ ஒர்த்தன்தானாமே நைனா. கண்ணால பாத்துக்கிறியா?"

"உப்புத் தண்ணில கண்ணுக்கு இன்னா தெரியும் பாய்?"

"இந்தத் தொப்பிய மாட்டினா மீனோட பல்லு கூடத் தெரியும். நீ எடத்தக் காட்டு. என் ஆளுக்கு மின்னாடி உன்ன எறக்குறேன். மொதல்ல நீ பாரு."

பணம் தருகிறேன் என்றிருந்தால் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பேன். அவர் கெட்டிக்காரர், அதைச் சொல்லவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் தடவிய ஏணியை ஒரு முறை பார்க்க வேண்டும். அந்தக் கதவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு அப்படி ஓர் ஆசை வந்ததில்லை. இதை மனைவியிடம் சொல்லியும் தொலைத்தேன்.

"அப்போ அந்தக் கப்பலயே போயிக் கட்டிக்க. நாளிக்குப் பசங்க இன்னாத்தத் துன்னும்?" என்றாள்.

மாசி மாதம், காற்று அடங்கித் தண்ணீர் தெளிந்திருந்த ஒரு காலையில் பாயின் படகில் முன்னால் நின்று வழி சொன்னேன். கரையில் கோயில் கோபுரம் பனந்தோப்புக்கு நடுவே வந்து நிற்கும் இடத்தில்தான் கப்பல். கோபுரம் தோப்பை விட்டு விலகித் தெரியும்போதே அதற்கு முன்னால் சின்னப் பார் வந்துவிடும். அது வெறும் கல். இரண்டுக்கும் தொலைவு கொஞ்சம்தான். கோபுரம் தோப்பை நோக்கி நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாலே போதும், படகு கப்பலுக்கு மேலே போய்விடும்.

"நிறுத்து. இங்கதான்," என்றேன், சின்னப் பாருக்கு மேலே.

சொன்ன சொல் மாறாமல் பாய் என்னையே முதலில் இறக்கினார். உடுப்புக்குள் ரப்பர் நாற்றம், காதில் பம்பின் இரைச்சல். பழக்கத்தில் கண்ணை மூடியிருந்தேன். கால் கல்லில் பட்டதும் திறந்தேன். என் கை தெரிந்தது. நக இடுக்கில் அழுக்குத் தெரிந்தது. கல்லில் ஒட்டிய சிப்பி ஒன்று வாயைத் திறந்து மூடியது. பொந்திலிருந்து ஒரு கலவா வந்து கண்ணாடிக்கு எதிரே நின்று என்னைப் பார்த்தது. கரையில் செத்துக் கிடக்கும்போது மங்கிவிடும் புள்ளிகள் அதன் உடம்பில் பளிச்சென்று இருந்தன. சற்றுத் தள்ளித் தண்ணீர் நீலமாகி மூடிக்கொண்டது. கப்பல் அந்தத் திசையில்தான். அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தேன். காற்றுக் குழாய் அதற்கு மேல் வரவில்லை.

மேலே வந்து தொப்பியைக் கழற்றியதும், "கப்பல் அங்க கீதா?" என்றார் பாய்.

"கல்லுதான் பாய். எனக்கு எடம் பிடிபடல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவால்ல நைனா. உள்ள எல்லாம் நல்லாத் தெரிஞ்சுதா உனுக்கு?"

"தெரிஞ்சுது பாய்."

"நல்லது," என்றார். என் பொய்யை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. சில நாளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். குப்பத்தில் எனக்கு மாலை போடாத குறைதான்.

பங்குனியில் கப்பல் பாரில் வலை மாட்டியது. வழக்கம்போல் கல்லோடு இறங்கினேன். கம்பி, ஏணி, கதவு, எல்லாம் அதனதன் இடத்தில் கைக்கு வந்தன. வலையையும் எடுத்துவிட்டேன். அப்புறம் கண்ணைத் திறந்தேன். அதே கஞ்சித் தண்ணீர். அத்தனை வருஷமும் எனக்குப் போதுமாக இருந்தது அன்று போதவில்லை. மூச்சு முட்டும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு வெறித்துக்கொண்டிருந்தேன். மச்சினன் பயந்துபோய்க் கயிற்றை இழுத்தான்.

"இன்னா மாமா, வல கீஞ்சிடுச்சா?"

"ஒண்ணும் இல்ல, போடா," என்று எரிந்து விழுந்தேன்.

அன்று குப்பம் முழுக்கச் சங்கராக் குழம்பு. அந்த மீனுக்காகத்தான் அப்படிச் செய்தேன், செய்தது சரிதான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் சாப்பிடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி பார்த்தாள். சட்டியில் இருந்ததிலேயே பெரிய துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். அதையும் தின்றேன்.