வாயில் ஐந்து குண்டூசி

உதட்டின் இடது ஓரத்தில் மூன்று, வலது ஓரத்தில் இரண்டு, ஆக ஐந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு டெய்லர் அக்கா ஒரு சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். வந்தவர், "எப்போ கிடைக்கும்?" என்று கேட்கிறார். அக்கா, "ம்ம்" என்கிறார். அதற்கு வியாழக்கிழமை என்று பொருள். கொஞ்சம் இழுத்து "ம்ம்ம்ம்" என்றால் வெள்ளிக்கிழமை, அதுவும் சந்தேகம்தான். முப்பது வருஷமாக வாடிக்கையாளர்களுக்கு இந்தப் பாஷை நன்றாகப் பழகிவிட்டது. வாயைத் திறந்தால் ஊசி தொண்டைக்குள் போய்விடும் என்ற பயத்தில் உண்டான பாஷை இது.

ஐம்பத்திரண்டு வயதில் இந்த அக்கா கராத்தே கற்றுக்கொள்கிறார் என்றால் நம்பக் கொஞ்சம் சிரமம்தான். வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் சமூகக்கூடத்துக்குப் போகிறார். அங்கே நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பதினான்கு பேர் வரிசையாக நின்று காற்றைக் குத்துகிறார்கள். அக்காவின் வெள்ளை உடுப்பு அவரே தைத்தது. உள்பக்கம் ஒரு பை உண்டு. அதில் இஞ்சு டேப் இருக்கும். "கராத்தேக்கு எதுக்கு அக்கா டேப்பு?" என்று யாரோ கேட்டதற்கு, "அது இல்லாம வெளியே வந்தா என்னமோ செருப்பு போடாம வந்த மாதிரி இருக்குங்க" என்றார்.

முதல் வகுப்பிலேயே ஒரு இளைஞன் காலை உயரத் தூக்கினான். பேண்ட் 'டர்ர்' என்றது. மானம் போன அவன் சுவரோடு ஒட்டி நிற்க, அக்கா பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்துவிட்டார். "காலைத் தூக்குற துணிக்கு ஒத்தைத் தையல் போட்ட புண்ணியவான் யாரு? மூணு தையல் போடணும் தம்பி." இன்றைக்கு அந்தக் கூடத்தில் பதினான்கு பேருக்கும் கவட்டில் மூன்று தையல்.

தடுப்பதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவருக்கு ஜோடி தபால்காரர். ஆறடி ஆள், ஆனால் அவர் குத்து ஒன்றுகூட இதுவரை அக்கா மேல் பட்டதில்லை. "பை மாட்டிமாட்டி உங்க வலது தோள் அரை இஞ்சு இறக்கங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி அதுதான் முதல்ல மேல ஏறுது. என் கண்ணு அங்கதானே போகும், நான் என்ன பண்ணட்டும்?" தடுத்த கையோடு, "சாரிங்க, வலிச்சுதா?" என்று விசாரிப்பும் உண்டு. ஒரு மணி நேரத்தில் நாற்பது தடுப்பு, நாற்பது சாரி.

கராத்தே சொல்லித்தரும் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பகலில் பல் டாக்டரிடம் உதவியாளர். "நல்லா திறங்க, இன்னும் திறங்க" என்று சொல்லிச்சொல்லியே பொழுது போகிறது அவருக்கு. சாயங்காலமும் அக்காவிடம் அதையேதான் சொல்கிறார். குத்தும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரவேண்டும். மற்ற பதின்மூன்று பேரும் கூரை அதிரக் கத்துகிறார்கள். அக்காவின் முறை வந்தால் "ம்ம்" என்றுதான் வருகிறது. மஞ்சள் பட்டைத் தேர்வில் கை சரி, கால் சரி, சத்தத்தில் பூஜ்யம். அவர் ஒருவர் மட்டும் தேறவில்லை.

"அக்கா, அடி பாதி, சத்தம் பாதி. சத்தம் போட்டாத்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. திரும்பிப் பார்த்தாலே எதிராளிக்குப் பாதி உயிர் போயிடும்."

அக்கா, "ம்ம்" என்றார்.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. கணவர் நூலகர். அந்த வீட்டில் சத்தம் போடும் ஒரே ஆள் பிரஷர் குக்கர்தான். அவர் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்க, அக்கா உதைப்பார்.

"மெதுவாம்மா, தலையணை கிழிஞ்சிடும்."

"கிழிஞ்சா தைச்சுக்கலாம். நீங்க பின்னாடி நகராம நில்லுங்க."

"சாது மிரண்டா காடு கொள்ளாதுன்னு சொல்வாங்க. நம்ம வீடு ரெண்டே ரூம்தான், அதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்க."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். இத்தனை கூத்தும் எதற்கு என்று மட்டும் அக்கா அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "வேற கடை பார்த்துக்கலாம்" என்பார். நல்ல மனுஷன், அதைத்தான் சொல்வார். முப்பது வருஷமாக வெளிச்சம் விழும் திசை பார்த்து மிஷினைப் போட்டு, வாடிக்கை பிடித்து வைத்திருக்கும் கடை. அதை ஏன் விடவேண்டும்?

விஷயம் பக்கத்துத் துணிக்கடைக்காரர். தெருவில் மரியாதைக்குரிய ஆள். தினமும் ஒரு தரம், "என்ன தங்கச்சி, வேலை எப்படிப் போகுது?" என்று வருவார். வந்தவர் கட்டிங் மேசை மேல் இருக்கும் அக்காவின் கையைத் தன் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவார். தங்கச்சி என்று வாய் சொல்லும், கை வேறு கணக்குப் போடும். அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசும். வாயில் ஐந்து ஊசி. என்ன சொல்வது?

கராத்தேயில் சேர்ந்த முதல் மாதமே பிடியை விடுவிக்கும் வித்தை கைவந்துவிட்டது. பிடித்தவரின் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி இழுத்தால் கை வெளியே வந்துவிடும். ஒரு நாள் கடையில் அதைச் செய்தும் பார்த்தார். கை வழுக்கிக்கொண்டு வந்தது. துணிக்கடைக்காரர் ஹஹ்ஹா என்று சிரித்து, "அட, அண்ணன்கிட்ட என்ன கூச்சம்?" என்றார். மறுநாள் மறுபடியும் வந்தார். சத்தமில்லாமல் தப்பித்த கை தப்பித்தது யாருக்குத் தெரியும்? அன்றைக்கு அக்கா மிஷினில் அடிநூல் பாபினை மூன்று முறை தவறாகப் பூட்டினார். அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

போன வாரம் பயிற்சியாளர் ஒரு பேண்டை நீளம் குறைக்கக் கொண்டுவந்தார். "அடுத்த தேர்வுக்கு வர்றீங்கதானே அக்கா?"

"ம்ம்."

பயிற்சியாளர் அக்காவின் உதட்டையே பார்த்தார். தொழில் புத்தி. "தினமும் எத்தனை பேர் வாயைத் திறக்க வைக்கிறேன்! உங்க வாய் ஏன் திறக்கலைன்னு இப்பத்தான் தெரியுது. முப்பது வருஷமா பூட்டுப் போட்டு வெச்சிருக்கீங்க. முதல்ல ஊசியை எடுங்க அக்கா, அப்புறம் சத்தம் தானா வரும்."

அடுத்த நாள் காலை பதினோரு மணிக்குத் துணிக்கடைக்காரர் வந்தார். "என்ன தங்கச்சி?" என்றார். வழக்கம்போல அக்காவின் இடது கையை மூடினார்.

அக்கா கையை இழுக்கவில்லை. வலது கையால் உதட்டிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, இடது மணிக்கட்டில் கட்டியிருந்த ஊசித்திண்டில் குத்தினார். இரண்டாவதை எடுத்தார். துணிக்கடைக்காரர் தன் விரலுக்குப் பக்கத்தில் வந்து வந்து இறங்கும் ஊசிகளைக் கொஞ்சம் கலவரத்தோடு பார்த்தார். மூன்று. நான்கு. ஐந்து.

"கையை எடுங்க அண்ணே!"

மரியாதை குறையவில்லை. ஆனால் அந்தச் சத்தம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மாட்டியிருந்த சட்டைகளைத் தாண்டி, தெருவைத் தாண்டிப் போனது. எதிர் மருந்துக்கடையில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணிக்கையை விட்டார். துணிக்கடையிலிருந்து மூன்று பெண்கள் பாதி பிரித்த துணியோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். தெருமுனையில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

துணிக்கடைக்காரரின் கை எப்போது மேசையை விட்டுப் போனது என்று அவருக்கே தெரியாது. "ஏம்மா கத்துறே? நான் என்ன பண்ணிட்டேன்?" என்றார் கிசுகிசுப்பாக.

"கையைப் பிடிச்சீங்க. கேட்கலைன்னா இன்னொரு தரம் சொல்றேன்." அக்காவின் இடது கால் தானாக ஒரு அடி முன்னால் வந்து நின்றது.

அவர் வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். போய்விட்டார். போகும் முதுகைப் பார்த்து அக்கா, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் வைத்தார். சாரி சொல்லவில்லை.

பிறகு உட்கார்ந்து, பாதியில் விட்ட மருந்துக்கடைக்காரர் சட்டையின் காலரை எடுத்தார். பழக்கதோஷத்தில் திண்டிலிருந்து ஒரு ஊசியை உருவி உதட்டருகே கொண்டுபோனார். பாதி வழியில் கை நின்றது. ஊசியைத் திரும்ப மணிக்கட்டிலேயே குத்திவிட்டு, தெருவைப் பார்த்து, "வியாழக்கிழமை வந்து வாங்கிக்குங்க!" என்று மருந்துக்கடைக்காரரிடம் கத்தினார்.