தண்ணீர்க்காரரின் பெயர்

பெரம்பலூரின் பழைய கடைவீதிக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். விடியும்போதே சைக்கிளில் வந்து, தெருவுக்கடியில் இருக்கும் வால்வை நீள இரும்புச் சாவியால் திருகித் திறந்துவிடுபவர் அரியமுத்து. பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை; நகராட்சியில் இன்னும் தற்காலிகம்தான். பிள்ளையார் கோவில், பாத்திரக்கடை, மாவு மில் என்று வரிசையாக எந்த வாசலில் யார் முதலில் குடம் வைப்பார்கள், எந்த வீட்டில் திருட்டுத்தனமாக மோட்டார் போடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மகள் மஞ்சுவின் பிரசவத்துக்காக அவர் குரும்பலூர் போயிருந்த நாலு நாளில் தெருவுக்கு சிமெண்ட் சாலை போட்டார்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வால்வு மூடியையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். திரும்பி வந்தவரை ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"பொட்டுத் தண்ணி இல்ல. நீ எங்கய்யா போயிட்ட?" என்று சத்தம் போட்டார், ஓய்வு பெற்ற டீச்சர் கமலவேணி.

அரியமுத்து மாவு மில்லின் படிக்கட்டுக்குப் போனார். அங்கிருந்து எதிர் மின்கம்பத்தைப் பார்த்து, எட்டுகளை எண்ணிக்கொண்டே நடந்தார். ஏழாவது எட்டில் நின்றார். மில்காரர் குருமூர்த்தியிடம் கடப்பாரை வாங்கி உடைக்க ஆரம்பித்தார். வெயில் ஏறுவதற்குள் குழாய்கள் சீறின.

புதுச் சாலையை அனுமதியில்லாமல் உடைத்ததற்காக மறுநாளே அவரை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

அடுத்த முறை வேறு ஆள் வந்து திறந்தபோதுதான் தெருவுக்கு விஷயம் தெரிந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுப்பதென்று முடிவாயிற்று. கமலவேணி எழுத உட்கார்ந்தார். 'எங்கள் தெருவில் பணியாற்றிய திரு' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"குருமூர்த்தி, அவரு பேரென்ன?"

"தண்ணிக்காரர்னுதான் கூப்புடுவோம்... தெரியலியே டீச்சர்."

பாத்திரக்கடையிலும் தெரியவில்லை. ஆபீசில் போய்க் கேட்கக் கமலவேணிக்கு வெட்கமாக இருந்தது. அவரிடமே கேட்டுவிடுவதென்று, புது ஆளிடம் அவர் வீட்டுக்கு வழி விசாரித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துத் துறைமங்கலம் போனார். அந்தத் தெருவுக்கே ஒரே குழாய்தான். வரிசையில் குடத்தோடு நின்ற அரியமுத்துவின் மனைவி செல்வம்மாள்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

அரியமுத்து பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உங்க பேரக் கேக்கத்தான் வந்தேன்," என்றார் கமலவேணி. "இத்தன வருசமாக் கேக்கல. தப்புதான்."

"அரியமுத்துங்கம்மா. தெருவுல வந்து நின்னா, தண்ணி எப்ப வரும்னுதான எல்லாரும் கேப்பாங்க?" என்று சிரித்தார் அவர். செல்வம்மாள் சிரிக்கவில்லை.

மனு போனது. உடைத்த இடத்தைக் குருமூர்த்தி தன் செலவில் கட்டி இரும்பு மூடி போட்டார். ஒன்றரை மாதம் இழுத்தடித்து அரியமுத்துவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இடைப்பட்ட நாட்களுக்குச் சம்பளம் கிடையாது.

அவர் வந்த முதல் நாளே மாடியிலிருந்து கமலவேணியின் குரல் கேட்டது.

"அரியமுத்து! தண்ணி நூலாட்டம் வருதுங்க!"

"இப்பத்தான் டேங்க்லேருந்து வுட்டுருக்காங்க டீச்சரம்மா. கால் மணி நேரம் பொறுங்க, வந்துரும்."