ஈலிஸ் தோண்டி எடுத்த குழாய்

எங்கள் ஏரியில் வந்து சேரும் ஓடையொன்றை முப்பது வருடம் பூட்டி வைத்திருந்தவர் ஈலிஸ் கார்னா. அதைத் திறந்துவிட்டவரும் அவரேதான். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஈலிஸ் பொக்லைன் ஓட்டுநர். பின்லாந்தின் இந்த மூலையில் அவர் கை படாத காட்டுச்சாலை இல்லை. வசந்தத்தில் உடைந்து வரும் பனிக்கட்டி குழாயை அடைத்துவிடுமே என்று, முப்பது வருடத்துக்கு முன் சாலைக்கு அடியில் ஓடைக் குழாயை, ஓடைத் தரையிலிருந்து இரண்டு சாண் உயர்த்திப் பதித்தார். சாலை ஒருமுறைகூட அரித்துப் போகவில்லை. ஊரே மெச்சியது.

போன வருடம் செப்டம்பரில் தூண்டிலோடு அங்கே போனார். முட்டையிட ஏரியிலிருந்து ஏறி வந்த பெரிய ட்ரவுட் மீன் ஒன்று, அந்தரத்தில் நின்ற குழாய் வாயை நோக்கித் துள்ளியது. மோதி விழுந்தது. மறுபடி துள்ளியது. மூக்கு கிழிந்து ரத்தம் கசிந்தது. ஈலிஸின் கையிலிருந்து தூண்டில் நழுவி விழுந்தது.

மறுநாள் சாலைக்கு மேற்புறம் போய், அடியில் கண்ணாடி பதித்த வாளியை ஓடையில் அமிழ்த்திப் பார்த்தார். அங்கே நன்னீர் முத்துச்சிப்பிகள் உண்டு. அவற்றின் குஞ்சுகள் ட்ரவுட்டின் செவுளில் ஒட்டிக்கொண்டுதான் வளர முடியும். கண்ணில் பட்டதெல்லாம் கிழட்டுச் சிப்பிகள். ஒரு குஞ்சுகூட இல்லை.

இந்தக் கோடையில் சாலையைச் சேர்ந்து பராமரிக்கும் ஊர்க்காரர்கள் கூடியபோது, குழாயைத் தோண்ட அனுமதி கேட்டார். மாட்டுப்பண்ணை மார்த்தா சீறினார்.

"ரோட்டை மூடுனா பால் லாரி எப்படி வரும்? பாலை உன் தொப்பியிலயா ஊத்தி வைக்கிறது?"

"லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்தானே வருது, மார்த்தா. அது போனதும் ஆரம்பிச்சு, திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சுடுறேன்."

"ஒரு மீனுக்காகவா இவ்ளோ பாடு?"

ஈலிஸ் தொப்பியைக் கழற்றினார். "அந்தக் குழாயை வெச்சது நான். தப்புப் பண்ணிட்டேன்."

எங்கள் பக்கத்தில் தப்பை ஒப்புக்கொண்டவருக்கு யாரும் ஆறுதல் சொல்வதில்லை. காபி ஊற்றுவோம். மார்த்தாவே எழுந்துபோய் அவர் கோப்பையை நிரப்பினார்.

ஆகஸ்ட் கடைசியில், லாரி கண்ணுக்கு மறைந்ததும் பொக்லைன் உறுமியது. ஊரே மண்வெட்டியோடு வந்தது. மார்த்தா பட்டாணி சூப்போடு வந்தார்.

"குடிச்சுட்டு வேலையைப் பாரு. லாரி நின்னுச்சுன்னா உன்னை ஓடையிலயே புதைச்சுடுவேன்."

குழாய் வெளியே வந்தது. அந்த இடத்தில் அகன்ற இரும்பு வளைவை நிறுத்தினார். அதன் கீழே ஓடை தன் கல் தரையிலேயே ஓடலாம். குழாய் பதித்த அன்று தாமே கரையில் அள்ளி எறிந்த கற்களை, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல ஒவ்வொன்றாக இறக்கினார். வளைவின்மேல் மண் நிரப்பிச் சாலையை மூடினோம். அடுத்த லாரி அதன்மேல் குலுங்காமல் கடந்தது.

செப்டம்பரில் ஈலிஸும் மார்த்தாவும் நானும் கரையில் காத்திருந்தோம். மூன்றாம் நாள், கருத்த முதுகொன்று வளைவுக்குள் நுழைந்து, மேல்புறம் வெளிப்பட்டது.

"மூக்குல தழும்பு இருந்துச்சா, ஈலிஸ்?"

அவர் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாக்க முடியல, மார்த்தா. நிக்காமப் போயிடுச்சு."