ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர்

கணக்கெடுக்க எந்த வீட்டுக்குப் போனாலும், மின் மீட்டரைப் பார்க்குமுன் அவர் கண் அந்த வீட்டு அடுப்படிக்குப் போகிறது. யாரோ நீட்டிய தம்ளரை வாங்குகிறார். குடிக்கவில்லை, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார்.

"கொதிக்க வெச்சீங்களா?"

"வெச்சேன் சார்."

"நாலு குமிழி வந்ததும் எறக்கியிருப்பீங்க. அது கொதி இல்லம்மா, தண்ணி உங்களுக்குப் போக்குக் காட்டுது. தளதளன்னு புரளணும். அப்பத்தான் கிருமி சாகும்."

தம்ளர் நிறைந்தபடியே உள்ளே திரும்புகிறது.

குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடை கலந்ததிலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை. காய்ச்சிக் குடியுங்கள் என்று ஒலிபெருக்கி வண்டி ஒரே ஒரு முறை கத்திவிட்டுப் போனது. மீட்டர்காரர் விடுவாரா? அந்த வேலையைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். போன மாதம்வரை "கரண்ட்டப் பாத்துச் செலவு பண்ணுங்க" என்ற அதே வாய், இப்போது கரண்ட் கெட்டில் வாங்கச் சொல்கிறது. பிள்ளைகள் அவருக்கு 'கொதிநிலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் தலை தெரிந்தால் போதும், பெண்கள் வெறும் பாத்திரத்தையாவது அடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள்.

அவருடைய சொந்த வீட்டுக் கொதியை நீங்கள் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் மனைவியை நம்பமாட்டார். குழம்பை ஓரங்கட்டிவிட்டுப் பானையைத் தானே ஏற்றுவார். முகம் வியர்க்கக் குனிந்து காது கொடுத்துக் கேட்பார். "சத்தம் மாறணும்டி, சத்தம்!" ஒருவழியாக இறக்குவார். ஆனால் மனிதருக்குப் பொறுமை என்பது அதோடு சரி. சொம்பை எடுத்துக் குழாயைத் திறப்பார். பச்சைத் தண்ணீரைப் பிடித்துப் பானையில் விளாவி, விரலை விட்டுப் பார்த்து, "ம், பதமா இருக்கு" என்பார்.

மனைவி முதல் நாளே கேட்டாள், "காய்ச்சினதுல பச்சைத் தண்ணிய ஊத்தறீங்களே?"

"அடிப் பைத்தியமே, இவ்வளவு சூட்டுல ஒரு சொம்பு எந்த மூலைக்கு? அதுல இருக்கறதும் சேந்து செத்துடும்."

அவள் தனக்கு மட்டும் தனியாகக் காய்ச்சி ஆறவைத்து, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவருக்கோ வயிற்றைக் கலக்கிக்கொண்டு போனது. "டீக்கடைக்காரன் கெடுத்துட்டான்" என்றார். அந்தக் கடைக்காரரோடு இன்றுவரை பேச்சில்லை.

நேற்று மகள் வந்தாள், தவழும் பேத்தியோடு. குழந்தைக்குத் தண்ணீர் காய்ச்சத் தாத்தாவை விட்டால் ஆளேது? மனைவி அடுப்படியை விட்டு நகரவில்லை. பழியை டீக்கடைமேல் போட்டுவிட்டுப் பிழைத்துக்கொள்கிற வயிறா குழந்தையுடையது?

பசியில் குழந்தை வீறிட்டது. "சீக்கிரம்ப்பா, பால் கரைக்கணும்" என்றாள் மகள். அவர் பாத்திரத்தை இறக்கினார். வழக்கம்போல் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்தார். மனைவி ஆவி பறக்கும் பாத்திரத்தின் வாயைக் கையால் பொத்தினாள்.

"கைய எடுடி, சுடும்!"

"சுடட்டும். உங்களுக்கு வேணும்னா எவ்வளவு வேணாலும் ஊத்திக்குங்க. புள்ளைக்கு ஊத்தாதீங்க."

சொம்பு அந்தரத்தில் நின்றது. அவர் மகளைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"கேட்டுக்கம்மா. காய்ச்சின தண்ணி தானா ஆறணும். விளாவவே கூடாது. இதத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றேன்."

சொல்லிவிட்டு மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. சொம்பை மெல்லச் சாய்த்து, தண்ணீர் முழுவதையும் அந்தக் கையில் ஊற்றினார்.