ராசாவின் முடியோடு மைசூருக்கு

பன்றி முடியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மைசூருக்குப் போனவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். போன மாதம் நானும் அக்காவும் போனோம். கர்நாடகத்தில் ஹனூருக்குப் பக்கத்தில் அக்கா பன்றி வளர்க்கிறாள். விற்க வண்டியில் ஏற்றும்போது வளர்ந்த பன்றிகள் இரண்டு நடுங்கி, உடம்பு விறைத்து, தோல் திட்டுத்திட்டாகச் சிவந்து செத்துப்போயின. பரம்பரையாக வரும் தசைக் கோளாறாக இருக்கலாம், பயமும் வெயிலும் அதைக் கிளப்பிவிடும் என்றார் கால்நடை மருத்துவர். அவற்றோடு பிறந்த ஆண் பன்றி ராசா நன்றாகத்தான் இருந்தான். ஆனால் பக்கத்துத் தோட்டத்து முருகேசன் அண்ணனின் பெண் பன்றியோடு அவனைச் சேர்க்க நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் அவன் முடியை மைசூர் ஆய்வகத்தில் கொடுத்து மரபணுச் சோதனை செய்தாக வேண்டும்.

கொள்ளேகாலில் காலை ஏழு மணிக்கு அரசுப் பேருந்து. மைசூருக்கு அறுபது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம். கர்நாடக முகவரி உள்ள ஆதாரைக் காட்டினால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பக்கத்து சீட் அம்மா, கைப்பையில் தெரிந்த கவரைக் காட்டி, பிரசாதமா என்று கேட்டார். "பன்னி மசுருங்க" என்றாள் அக்கா. நரசிபுரம் வந்ததும் அவர் வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆய்வகத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். அங்கிருந்த மைசூர்த் தமிழ்ப் பெண் கவரைப் பிரித்துப் பார்த்தார்.

"வேரே இல்லியேம்மா. கத்திரியில கட் பண்ணினீங்களா? இது ஆகல்லா."

"புடுங்குனா பயந்து செத்துப்போவான்னுதானுங்க."

நோய்க்குப் பயந்தே சோதனையைக் கெடுத்திருந்தோம். அக்கா வீட்டிலிருந்த மாமாவை வீடியோவில் அழைத்தாள். "ஏனுங்க, தவுடு வெச்சுப்போட்டு, அவன் திங்கறப்ப நாலு கொத்து புடுங்குங்க."

மாமாவின் கைதான் நடுங்கியது. ராசா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"டெஸ்ட் உங்களுக்குத்தான் பண்ணோணுமாட்ட இருக்குது" என்றாள் அக்கா.

மாமா கவரை மைசூர் பேருந்து கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். எங்கள் பக்கத்தில் மருந்து, சாவி எல்லாம் அப்படித்தான் பயணம் செய்யும். அது வந்து சேரும்வரை தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடைகளைச் சுற்றினோம்.

பத்து நாளில் முடிவு வந்தது. குறையுள்ள மரபணு ராசாவிடம் ஒன்று இருக்கிறது. இரண்டு இருந்தால்தான் நோய். ஒன்றை வைத்துக்கொண்டு அவன் சுகமாக இருப்பான், ஆனால் குட்டிகளுக்குக் கடத்துவான்; தாயிடமும் ஒன்று இருந்தால் சில குட்டிகளுக்கு நோய்தான். அதே மரபணு உடம்பின் சதைப்பற்றையும் கூட்டுமாம். அந்த உடம்பைப் பார்த்துத்தான் அக்கா அவனை இனப்பெருக்கத்துக்கென்று விற்காமல் நிறுத்தி வைத்திருந்தாள். நாம் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுப்பதோடு என்னவெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போகிறவர்கள் முடியை வேரோடு பிடுங்கி, உலர்ந்த காகிதக் கவரில் எடுத்துப்போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஆய்வகம் மூடியிருக்கும். பன்றிகளை விடியற்காலையில், அடிக்காமல் வண்டியேற்றுங்கள்.

முருகேசன் அண்ணனுக்கு அக்காவே போன் செய்தாள். "கல்யாணம் நின்னுபோச்சுங்கண்ணா. மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க, பொறக்கற குட்டிகளுக்குத்தான் ஆகாது."

"விருந்துக்குத் தவுடெல்லாம் வாங்கி வெச்சுட்டனே, அம்மிணி."

"விருந்து திங்கறதுக்கு மட்டும் வேணும்னா அவன அனுப்பறனுங்க" என்றாள் அக்கா.