கேட்டதாக எழுதிய பிற்பகல்

நெய்வேலியில் புகையைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. மின் நிலையத்துப் புகைபோக்கிகள் நாள் முழுக்க வானத்துக்கு எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கும். கோடையில் பழுப்பு நிலக்கரிக் குவியல்கள் தாமாகவே கனன்று, மேலே தண்ணீர் பீய்ச்சினாலும் உள்ளே பொறுமையாகப் புகைந்துகொண்டிருக்கும். வெயில் ஏற ஏற எல்லாம் கலந்து, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் கம்பெனி பஸ்ஸும் சாலையோர மரங்களும் தரையை விட்டுச் சற்று மேலே மிதப்பதுபோலத் தெரியும். அந்த மிதப்புக்குள்தான் நான் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன்.

அப்பா சர்வீஸில் இருக்கும்போதே போய்விட்டதால் கிடைத்த வாரிசு வேலை. டவுன்ஷிப் தீயணைப்புப் பிரிவில், கட்டுப்பாட்டு அறை டெலிபோன். நெருப்பை நேரில் பார்த்தது கொஞ்சம்தான். என்னைப் பொறுத்தவரை நெருப்பு என்பது ஒரு குரல். மூச்சு வாங்கிக்கொண்டு, ஊர்ப் பெயரை விட்டுவிட்டுத் தெருப் பெயரை மட்டும் சொல்லும் ஒரு குரல்.

எங்களுக்கு எல்லை என்பது மதில்சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் எரிந்தால் எங்கள் நெருப்பு, அந்தப் பக்கம் எரிந்தால் அரசாங்கத்தின் நெருப்பு. அரசு தீயணைப்பு நிலையம் இருக்கும் ஊரோ தூரத்தில். சுவரை ஒட்டிய கிராமத்துக்கு அவர்கள் வண்டி வந்து சேர்வதற்குள் கூரை சாம்பலாகிவிடும். எங்கள் வண்டி கேட்டைத் தாண்டினால் ஐந்து நிமிஷம். ஆனால் அரசு நிலையத்தார் எங்களிடம் உதவி கேட்டதாகப் புத்தகத்தில் நேரம் போட்டு எழுதினால்தான் வண்டி கேட்டைத் தாண்டலாம். இது கிராமத்து ஜனங்களுக்குத் தெரியாதா என்ன, தெரியும். இருந்தாலும் பக்கத்தில் இருக்கிறது என்று எங்களுக்கே போன் போடுவார்கள்.

அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நாங்கள் என்றால், நானும் அந்த ஊர் நிலையத்தில் போன் எடுக்கும் ஒருவரும். கிராமத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தால், நான் அவரைக் கூப்பிட்டு, என்னிடம் உதவி கேட்கச் சொல்வேன்.

"அண்ணே, என்னைக் கேளுங்க."

"கேட்டுக்கினேம்மா, எழுதிக்கங்க."

அவ்வளவுதான். எழுதிவிட்டு மணியை அடிப்பேன். வெளியாள் கேட்டால் சிரிப்பான். எனக்கே சில நாள் சிரிப்பு வரும், சில நாள் கோபம் வரும். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடச் சொல்லி நாமே ஆள் அனுப்புகிற கதைதான். ஆனால் அது வேலை செய்தது. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. மழைக்காலத்தில் சளி பிடிக்கும் என்றும், மகளுக்குச் சேத்தியாத்தோப்பில் சம்பந்தம் பேசினார்கள் என்றும் தெரியும். வேலை இல்லாத மதியங்களில் அந்தக் குரல் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல இருக்கும்.

அன்றைக்கும் அப்படி ஒரு மதியம். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே வண்டியின் சிவப்புகூட வெளுத்துத் தெரிந்தது. இரண்டு முப்பதுக்கு ஒரு பெண் கூப்பிட்டாள்.

"வூடு எரியுதுங்க. சீக்கிரம் வாங்க. மாட்டை அவுக்க முடியல."

எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டு, இதோ வருகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். உடனே அவரைக் கூப்பிட்டேன். எங்கேஜ்டு. வைத்தேன். திரும்பக் கூப்பிட்டேன். எங்கேஜ்டு.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. வேறு யாரோ அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் எங்கேஜ்டு. அவர் கூப்பிடட்டும் என்று நான் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நான் கூப்பிடட்டும் என்று அவரும் வைத்துவிட்டுக் காத்திருந்தார். பொறுமை தாங்காமல் இரண்டு பேரும் மறுபடி ஒரே நேரத்தில் எண்ணைச் சுழற்றினோம். எங்கள் அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோயிருந்தாலும் அவர் செல் நம்பர் என்னிடம் கிடையாது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அது தேவைப்பட்டதே இல்லை.

நான் போனில் பேசியதைக் கேட்டு, மணி அடிக்கும் முன்பே வண்டி ஸ்டார்ட் ஆகி உறுமிக்கொண்டிருந்தது. லீடிங் ஃபயர்மேன் என் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"அக்கா, கேட்டாச்சா?"

"இருங்க, லைன் கிடைக்கல."

அவர் தலைக்குப் பின்னால் புகை எழும்புவது தெரிந்தது. எங்கள் புகை வெள்ளை. இது மஞ்சளும் கறுப்புமாக, கூரைப் புகை. ஒரு கனவில் ஓட நினைத்து ஓட முடியாமல் நிற்போமே, அப்படி நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அழகாக இருந்தது என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டு, "கேட்டாச்சு, போங்க" என்று பொய் சொன்னேன். மணி இரண்டு முப்பத்தொன்பது.

வண்டி போனது. பக்கத்து இரண்டு வீடுகளைக் காப்பாற்றிவிட்டார்கள். அந்த வீடும், கொட்டகையில் கட்டியிருந்த சினை மாடும் போய்விட்டன.

சாயங்காலம் அந்த நிலையத்து அண்ணனே கூப்பிட்டார்.

"புக்ல எத்தினி மணி போட்டீங்கம்மா?"

"அந்தம்மா கூப்பிட்டது ரெண்டு முப்பத்தெட்டு, நீங்க கேட்டது முப்பத்தொன்பதுன்னு போட்டுட்டேன்."

 "நானும் அதையே போட்டுக்கறேன்" என்றார்.

அவ்வளவு சுலபமாக எட்டு நிமிஷத்தை இரண்டு புத்தகங்களிலிருந்தும் எடுத்துவிட்டோம். மேலதிகாரிகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நேரம் பொருந்தியது. தகவல் வந்ததும் உதவி கேட்கப்பட்டது, கேட்டதும் வண்டி கிளம்பியது என்று எழுதி மூடினார்கள். எனக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது. பயம் தெளிந்தவளுக்கு வருகிற தூக்கம்.

இரண்டு நாள் கழித்து ஸ்கூட்டியில் அந்தக் கிராமத்துக்குப் போனேன். அந்தப் பெண் வேப்ப மரத்தடியில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறந்ததும் குரலை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்கதானே போன்ல பேசினது? நீங்க வண்டிய அனுப்பிச்சதாலதான் மத்த வூடுங்க தப்பிச்சுது. நல்லா இருப்பீங்க."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவள் கொடுத்த தண்ணீரைக் குடிக்க முடியவில்லை.  டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் முந்திரித் தோப்புகள் வெயிலில் அசையாமல் நின்றன. வண்டி ஓட்டியது நான்தானா என்று நினைவில்லை.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. யாருடைய நிலையமாக இருந்தாலும், பக்கத்தில் இருப்பவர்கள் கேட்கக் காத்திராமல் ஒருவருக்கொருவர் உதவவேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவர யோசிக்கிறார்களாம். அதற்கு முன்னால் எல்லா நிலையங்களிலும் விவரம் கேட்டிருந்தார்கள். அதில் ஒரு கேள்வி: உதவி கேட்கும் முறையால் தாமதம் ஏற்பட்ட சம்பவம் உண்டா?

படிவத்தை என் மேஜையில் வைத்த அதிகாரி, "புக்கைப் பார்த்துட்டேன் மேடம், ஒண்ணும் இல்ல. இல்லைன்னு போட்டு அனுப்பிடுங்க" என்றார்.

புத்தகத்தில் இல்லைதான். இல்லாமல் செய்தவள் நான். எல்லா ஊரிலும் என்னைப் போல ஒருத்தி 'இல்லை' என்று எழுதினால் அந்தச் சட்டம் எதற்கு என்று அவர்கள் கேட்கமாட்டார்களா? இதுவரை என் பொய் எங்கள் இரண்டு பேரைக் காப்பாற்றியது என்றுதான் நினைத்திருந்தேன். எந்தச் சுவருக்குப் பக்கத்திலோ இன்னும் எரியாத ஒரு வீட்டுக்கு அது என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அவரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். ரிட்டயர் ஆக இன்னும் மூன்று மாதம் இருந்தது அவருக்கு.

"அண்ணே, நடந்ததை எழுதப் போறேன். உங்க பேர் வராது. நான்தான் பொய் எழுதினேன்னு போட்டுடறேன்."

அந்தப் பக்கம் மின்விசிறியை அணைக்கும் சத்தம் கேட்டது. 

"அந்தம்மாவைப் பார்க்க நானும் போயிருந்தேம்மா" என்றார். "எனக்கும் நன்றி சொல்லிச்சு."

நான் படிவத்தை அருகே இழுத்துக்கொண்டேன்.

"எழுதுங்க. ஆனா எட்டையும் நீங்களே எடுத்துக்காதீங்க. அதுல நாலு நிமிசம் என்னுது."

'உண்டு' என்று எழுதினேன். கீழே இரண்டு பெயர்களையும் எழுதி, அவர் பெயரின் எழுத்துகள் சரிதானா என்று அவரிடமே கேட்டுக்கொண்டேன்.