உத்தியோகம்: இல்லை

ஓரியேவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பதை அவள் ஜன்னல் திறந்த அறையில், பார்லி டீ குடித்துக்கொண்டு, நாளுக்கு ஏழு மணி நேரம் பார்க்கிறாள். பதினோரு வருடமாகப் பார்த்து அதெல்லாம் அவளுக்குச் சந்தைக் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. சொத்தை இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

டோக்கியோவில் ஒட்சுகா ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பல் மருத்துவரின் தலைக்கு மேல் மூன்றாவது மாடியில் அவள் வேலை பார்க்கிற ஆப் கடை இருக்கிறது. கைபேசி விளையாட்டுகள், வயது வந்தவர்களுக்கானவை மட்டும். பெரிய கடைகள் இந்தச் சரக்கை வாசற்படி ஏற விடுவதில்லை என்பதால் இது தனிக்கடை. வாங்க வருகிறவர் முதலில் தன் கைபேசியோடு மல்லுக்கட்ட வேண்டும். 'ஆபத்து, வேண்டாம்' என்று அது மூன்று தடவை தடுக்கும். மூன்று தடவையும் 'பரவாயில்லை' என்று அழுத்தினால்தான் உள்ளே வரலாம். அப்படியும் வருகிறார்கள். மனிதன் வேறு எதற்கு இவ்வளவு பொறுமை காட்டுகிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நாட்டில் எதை வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் மறைக்க வேண்டியதைக் கட்டம் கட்டமாக மங்கடிக்காமல் விற்கக் கூடாது. போலீஸ் வரும். கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. கணக்கு சரியாக இருந்தும் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. வரைகிறவர்கள் பெரிய திரையில் வரைகிறார்கள். அங்கே நன்றாக மறைந்திருப்பது உள்ளங்கை அளவுத் திரைக்குச் சுருங்கியதும் கட்டங்கள் ஒன்றோடொன்று குழைந்து எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். தட்டு சிறிதானால் பூசணிக்காய் எட்டிப் பார்க்கும்.

அதைப் பிடிக்க ஓரியேவிடம் ஒரு வழி இருந்தது. கைபேசியைச் சுவரில் சாய்த்து வைப்பாள். கண்ணாடியைக் கழற்றுவாள். ஆறு தப்படி பின்னால் போய் நின்று பார்ப்பாள். கிட்டப்பார்வைக்காரிக்குக் கண்ணாடி இல்லாமல் கட்டத்தின் ஓரங்கள் கரைந்துபோகும். பின்னால் இருப்பது வெளியே வரும். வந்தால் திருப்பி அனுப்பு. வராவிட்டால், "எதுவும் தெரியல" என்று சொல்லி முத்திரை. அவள் முன்பு தொலைபேசிப் புத்தகம் அச்சடிக்கிற இடத்தில் பிழை பார்த்தவள். அந்த அச்சகம் மூடிய பிறகு, நாற்பத்தோரு வயதில் அவளை உட்கார வைத்து வேலை கொடுத்தது இந்த மூன்றாவது மாடி மட்டும்தான்.

கணவன் அதற்கு முன்பே போய்விட்டான். முதலில் வீட்டை விட்டு, இரண்டு வருடம் கழித்து உலகத்தை விட்டு. அவன் வைத்துவிட்டுப் போனது ஒரு கோல்ஃப் பை. அதிலும் ஒரு மட்டை குறைவு.

மகள் ஷிஹோரிக்குப் பதினைந்து வயதில் அம்மாவின் வேலை தெரிந்துபோனது. ஒரு மாதம் பேசவில்லை. பிறகு, "யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். ஓரியே தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில்தான் பள்ளிக்கூடமும் கல்லூரியும் முடிந்தன.

இப்போது ஷிஹோரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ரியோஹெய், சாதுவான பையன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரு வீட்டாரும் உட்கார்ந்து சாப்பிட்டு, குடும்பப் பட்டியல் மாற்றிக்கொள்ள வேண்டும். தடித்த வெள்ளைத் தாளில், தூரிகையால், வீட்டில் யார் யார் என்று எழுதிக் கொடுப்பது. பெயரும் உறவும் போதும். மாப்பிள்ளையின் அப்பா முரோதா, வார்டு அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் படிவம் சரிபார்த்து ஓய்வு பெற்றவர், உத்தியோகமும் எழுதச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை ஷிஹோரி அந்தத் தாளைக் கொண்டுவந்து விரித்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. தந்தை: காலமானார். தாய்: ஓரியே. உத்தியோகம்: இல்லை.

ஓரியே அந்தக் கடைசிச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆபீஸுக்குத்தான் வேற ஒரு பேரு இருக்கே, கோஷிபா தகவல் பரிசோதனைன்னு. வீடு வாடகைக்கு எடுத்தப்ப அதைத்தானே எழுதினோம்" என்றாள்.

"ரியோஹெய் அப்பா நெட்ல தேடிப் பாப்பாரும்மா. மகனோட முதலாளி பேரையே தேடிப் பாத்தவரு."

"பாத்தா என்ன, கீழ இருக்கிற பல் ஆஸ்பத்திரி படம்தான் வரும்."

"அம்மா. ப்ளீஸ்."

"சரி, சரி. நல்லா எழுதியிருக்கே. மை ஊறாம இருக்கு."

தாளை மகளிடமே திருப்பிக் கொடுத்தாள். பேசினால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று மகளுக்குப் பயம். பேசாவிட்டால் பதினோரு வருடம் இல்லையென்று ஆகிவிடும், அவ்வளவுதான். இரண்டையும் தூக்கிப் பார்த்தால் எது கனம் என்று எந்தத் தாய்க்கும் தெரியும். தெரிந்தும் வலித்தது. அன்று அவள் பாத்திரம் கழுவாமலே படுத்துவிட்டாள்.

மறுநாள் வேலையில் ஒரு படைப்பாளி தொலைபேசியில் சண்டை போட்டான். "கட்டம் கணக்குப்படிதான் போட்டிருக்கேன். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

"எனக்குத் தெரியுதுங்க. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். இன்னும் ரெண்டு மடங்கு பெரிசாப் போடுங்க."

"அப்ப என்னத்தைத்தான் பாக்கிறது?"

"முகத்தைப் பாருங்க. நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க, பாக்கத்தான் ஆள் இல்ல."

தொலைபேசியை வைத்ததும் முதலாளி நெஸு எட்டிப் பார்த்தார். அவளைவிடப் பத்து வயது இளையவர். "ஓரியே சான், ஞாயித்துக்கிழமைதானே? பட்டியல்ல என்ன எழுதினீங்க?"

"ஒண்ணுமில்லன்னு."

நெஸு தலையைச் சொறிந்தார். "எங்க மாமனார்கிட்ட நான் தண்ணி சுத்தம் பண்ற மெஷின் விக்கிறவன். பன்னண்டு வருஷமா. போன மாசம் தனக்கும் ஒண்ணு வேணும்னாரு. கடையில வாங்கிட்டுப் போய் நானே மாட்டிக் குடுத்தேன். ஒழுகுது."

ஓரியேவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது முன்னைவிடக் களைப்பாக இருந்தது.

ஞாயிறு மதியம் உயெனோ பக்கத்து உணவகத்தில் பாய் விரித்த தனி அறை. முழுசாகச் சுட்ட கடல் மீன், சிவப்புப் பயறு போட்ட சோறு, எல்லாம் முறைப்படி. தட்டில் வைத்துத் தாள்களை மாற்றிக்கொண்டார்கள். முரோதா கண்ணாடியை மூக்கில் இறக்கி, பழைய வழக்கப்படி விரலை வரி வரியாக நகர்த்தி வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது.

அவர் மனைவி நல்ல பெண்மணி, அதுதான் கஷ்டம். ஓரியேவின் கிண்ணத்தில் டீ ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "வேலைக்குப் போகாம, தனியா நின்னு, பொண்ணை இவ்வளவு படிக்க வெச்சிருக்கீங்க. உங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் யோசிச்சு வெச்சுட்டுப் போயிருக்கணும். பெரிய மனுஷர்."

ஓரியே டீக்கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். கோல்ஃப் பை நினைவுக்கு வந்தது.

"ஆமாங்க" என்றாள். "அவர் வெச்சுட்டுப் போனதுதான்."

"ஒரு நாள் வீட்டுக்கு வந்து அவர் படத்துக்கு ஊதுபத்தி ஏத்தணும். நன்றி சொல்லணும்ல."

"அவசியம் வாங்க."

ஷிஹோரி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். அவளுடைய மீன் அப்படியே கிடந்தது.

பரிமாறிய பெண் ரியோஹெய்யின் கைபேசியில் எல்லோரையும் ஒரு படம் எடுத்தாள். "நல்லா வந்திருக்கான்னு பாருங்க" என்று ஓரியேவிடம் கொடுத்தாள். ஓரியே என்ன நினைத்துக்கொண்டிருந்தாளோ. கைபேசியை அலங்கார மாடத்தில், பூச்சாடியின் மேல் சாய்த்து வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பாயின் மேல் ஆறு தப்படி பின்னால் நடந்து நின்றாள்.

"எதுவும் தெரியல" என்றாள்.

முரோதாவின் மனைவி சிரித்தாள். "ஐயோ, கண்ணாடியைக் கழட்டிட்டு அவ்வளவு தூரம் போனா எப்படிங்க தெரியும்?"

மற்றவர்களும் சிரித்தார்கள். ஷிஹோரி சிரிக்கவில்லை. அந்த ஆறு தப்படி அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் பள்ளிச் சீருடையைக்கூட அம்மா அப்படித்தான் பார்ப்பாள். பழைய துணியில் போட்ட ஒட்டு தெரிகிறதா என்று. தெரியல, போ, என்று முதுகில் தட்டி அனுப்புவாள்.

ஷிஹோரி எழுந்து போய், முரோதாவின் முன்னால் மண்டியிட்டுக் குனிந்து, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மன்னிக்கணும். இதுல ஒரு தப்பு இருக்கு."

"தப்பா?" முரோதா நிமிர்ந்தார். "அடிச்சுத் திருத்தக் கூடாதும்மா, கல்யாணத் தாள்ல. அபசகுனம்."

"தெரியும். புதுசா எழுதிக் கொண்டு வரேன். அம்மா உத்தியோகம் தப்பா இருக்கு."

"ஷிஹோரி, விடு" என்றாள் ஓரியே. குரல் தாழ்ந்துதான் வந்தது.

"அம்மா பதினோரு வருஷமா வேலைக்குப் போறாங்க. பெரியவங்க மட்டும் பாக்கிற ஆப் விக்கிற கடையில. எதை மறைக்கணுமோ அது சரியா மறைஞ்சிருக்கான்னு பாக்கிற வேலை. அப்பா எதையும் வெச்சுட்டுப் போகல. நான் சாப்பிட்டது அம்மாவோட அந்தச் சம்பளத்துலதான்." மூச்சு வாங்கினாள். "ரியோஹெய்க்குத் தெரியாது. அவன்கிட்ட நான்தான் சொல்லல."

பக்கத்து அறையில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா" என்று ஷிஹோரி திரும்பினாள். "அந்த வேலைக்குப் பேரு என்ன? என்னன்னு எழுதணும்?"

ஓரியே யோசித்தாள். பதினோரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. அவளும் பெயர் வைத்துக்கொள்ளவில்லை.

"பரிசோதகர்னு எழுது" என்றாள்.

ஆறு தப்படி தள்ளி எல்லா முகங்களும் மங்கலாக இருந்தன. முரோதாவின் முகத்தில் என்ன இருக்கிறது, ரியோஹெய் யாரைப் பார்க்கிறான், எதுவும் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் தெரிந்துவிடும். அது கையிலேயே இருந்தது. கால் வலித்ததால் அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, கண்ணாடியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.